பிஸ்கால் வீரய்யா கொடுக்காத சம்மன்

வீரய்யாவுக்குச் செத்தவர்கள் மேலும் பொறாமை வரும். டவுன் பஜாரில் ஒரு சாவு ஊர்வலம் போனால் எல்லோரும் கடையைவிட்டு இறங்கி மரியாதையாக நிற்பார்கள். அவன் மட்டும் கூட்டத்தை முன்னும் பின்னும் அளந்து பார்த்துவிட்டு, "இந்த மனுசனுக்கா இத்தன பேரு வந்திருக்காங்க?" என்று என் காதில் சொல்வான். பெட்டிக்குள் கிடப்பவரிடமிருந்து அந்தக் கூட்டத்தைப் பறித்து இவனுக்குக் கொடுக்க யாராலும் முடியாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அன்று பொழுது சாயும்வரை முகம் கறுத்துத்தான் கிடக்கும்.

நான் பத்திநாதன். டவுன் நீதிமன்றத்தில், எங்கள் பேச்சில் கோட்டில், டைப் அடிக்கும் கிளாக்கர். வீரய்யா அதே கட்டடத்தின் பின்பக்கத்தில் இருந்த பிஸ்கால் கந்தோரில், அதாவது கோட்டு உத்தரவுகளை நிறைவேற்றும் ஆபீசில், சேவகன். கோடு ஒருவனை வரச்சொல்லி அனுப்பும் சம்மனை அவன் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. பஜாருக்குப் பின்னால் மேட்டில் இருந்த வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டியிருந்தன. நடுவில் பலகைச் சுவர். அவன் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்முவோம். அதனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது குறைவு.

வலப்பனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் லயமொன்றில் பிறந்தவன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, நாற்பத்தேழில் வேலைக்கு வந்தான். அடுத்த வருசமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஜனங்களை நாடில்லாதவர்களாக ஆக்கியது. இவனுடைய அப்பா கண்டி டவுனில் பிறந்து பதிவானவர் என்பதால் இவன் தப்பினான். லயத்தில் பிறந்தவன் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டு, நெஞ்சில் பித்தளை வில்லை மின்ன, தோட்டத்துக் கந்தோர் வாசலில் போய் நிற்பதென்றால் சும்மாவா? அவன் கூடப் படித்தவர்களெல்லாம் வயிறெரிந்தார்கள். சரியாகச் சொன்னால், சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவன் அவன். ஆனால் அவன் கண் எப்போதும் தனக்கு மேலேதான் போகும். கந்தோரில் மேலதிகாரியான மார்ஷல் ஐயாவுக்குச் சைக்கிள் இருக்கிறது, நமக்கு இல்லை. தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்லும் முதலியாருக்கு நீதவானுக்குப் பக்கத்தில் நாற்காலி, நமக்கு வெளியே பெஞ்சு.

"நீங்க குடுத்து வச்சவருங்க கிளாக்கரே. மழ பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் நிழல்ல உக்காந்துருக்கீங்க" என்பான். எனக்கோ அவனைக் கண்டால் எரியும். காலையில் பஸ் ஏறினால் மலை மலையாகச் சுற்றுகிறான், போகிற இடமெல்லாம் தேத்தண்ணி கிடைக்கிறது, நான் காகிதத் தூசியைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று. இதை நான் அவனிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்காவது நன்றாகத் தூங்கியிருப்பான்.

அவனிடம் எனக்குப் பிடிக்காமல் போனது இந்தச் சில்லறைப் பொறாமையல்ல. அவன் பெண்சாதி சண்முகவடிவின் மேல் வைத்திருந்த சந்தேகம்தான்.

வடிவுக்குக் கந்தப்பளைத் தோட்டமொன்றில் அத்தை மகன் ஒருவன் இருந்தான். சோலைமலை என்று பெயர். இரண்டு வீட்டிலும் வாய்ப்பேச்சாக முடிந்திருந்த சம்பந்தம். அந்த நேரத்தில்தான் அரசாங்க உத்தியோகத்தோடு வீரய்யா பெண் பார்க்கப் போனான். வடிவின் அப்பா காக்கிக் கோட்டைப் பார்த்து மயங்கிவிட்டார். ஐம்பதில் கல்யாணம் நடந்தது. சோலைமலை பந்தியில் நின்று பரிமாறிவிட்டுப் போனானாம். அதற்குப் பிறகு அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவனுடைய அம்மா அழகம்மாவோடு லயத்தில் இருந்தான். தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவராகவும் ஆனான்.

அவன் கல்யாணம் செய்யாமல் இருந்ததுதான் வீரய்யாவைத் தின்றது. "எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்?" என்று என்னிடம் கேட்பான். "அவனுக்கு வசதியில்ல, அவ்வளவுதான்" என்பேன். நம்பமாட்டான். வடிவு தலை சீவிக்கொண்டிருந்தால், எங்கே கிளம்புகிறாய் என்பான். பாட்டு முணுமுணுத்தால், இன்றைக்கு என்ன விசேஷம் என்பான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் பெண்சாதி றோசலின் பல்லைக் கடிப்பாள். வடிவு எழுந்து வெளியே போவாள். பீலிக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுத் தண்ணீர் நிறைவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐம்பத்தைந்தில் சோலைமலைக்கும் அவன் தோட்டத்துத் துரைக்கும் முட்டிக்கொண்டது. கணக்கு முடித்துப் பத்துச்சீட்டைக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் குடியிருந்த லயத்து அறையை, அந்தக் காம்பிராவைக் காலிபண்ணச் சொன்னார்கள். சங்கம் பேசி முடிக்கிறவரை வெளியேற மாட்டேன் என்று அவன் இருந்துவிட்டான். அத்துமீறிக் குடியிருக்கிறான் என்று தோட்டம் எங்கள் கோட்டில் வழக்குப் போட்டது. சம்மனை டைப் அடித்தது நான்தான். பெயரைப் பார்த்ததும் இது வீரய்யா கைக்குப் போகக் கூடாது என்று நினைத்தேன். சொந்தக்காரன் பெயருக்குச் சம்மன் வந்தால் மார்ஷலிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வேறு சேவகன் கொண்டுபோவான். அதுதான் வழக்கம். வீரய்யாவும் திருப்பிக் கொடுப்பான் என்றுதான் இருந்தேன்.

அவன் கொடுக்கவில்லை. கையில் வாங்கும்போது அந்த மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்ததாம். பல வருசம் கழித்து அவனே என்னிடம் சொன்னான்.

தோட்டத்தில் சம்மன் கொடுக்க ஒரு முறை உண்டு. சேவகன் நேரே லயத்துக்குள் போக முடியாது. முதலில் தோட்டத்துக் கந்தோருக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் கேட்பார். துரை தலையாட்டினால் கணக்கப்பிள்ளையோ காவல்கார வாச்சரோ கூட வந்து, இன்னார்தான் இந்த ஆள் என்று அடையாளம் காட்டுவார். ஆள் இல்லையென்றால் இன்னொரு நாள் போக வேண்டும். கொடுத்துவிட்டு வந்தால், எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் கொடுத்தேன் என்று நகலின் பின்பக்கத்தில் எழுதிச் சத்தியம் செய்து கையெழுத்து வைக்க வேண்டும். அந்தச் சத்தியத்தின் மேல்தான் முழு வழக்கும் நிற்கிறது.

சம்மனோடு போன அந்தப் புதன்கிழமை வீரய்யா தோட்டத்துக் கந்தோர்ப் பக்கமே போகவில்லை. தேயிலைக்குள் விழுந்து குறுக்கு வழியில் லயத்துக்கு ஏறினான். சோலைமலை எப்படி வாழ்கிறான் என்று பார்க்க ஆசை. நடுப்பகல், எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். சோலைமலையின் கதவு பூட்டிக் கிடந்தது. வாசல் திண்ணையான இஸ்தோப்பைச் சாணம் போட்டு மெழுகி, ஓரத்தில் டேலியாப் பூச்செடி வைத்திருந்தார்களாம். ஒண்டிக்கட்டை வீட்டில் பூச்செடி எதற்கு என்று அதற்கும் வயிறெரிந்திருக்கிறான். பக்கத்துக் காம்பிராவில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"சோலமல அண்ணன் இல்லீங்க ஐயா. டவுனுக்குப் போயிருக்காரு. அங்கன சொந்தக்காரங்க வீடு ஒண்ணு இருக்குதாம்."

டவுனில் சோலைமலைக்கு இருந்த ஒரே சொந்தக்கார வீடு வீரய்யாவின் வீடு.

அங்கிருந்து எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்தபோது வடிவு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். யாரும் வந்தார்களா என்று அவன் கேட்கவில்லை. அவளாகச் சொல்கிறாளா பார்ப்போம் என்று இருந்தான். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், கீரைக்காரி வரவில்லை என்றாள், குளிர் கூடுதலாக இருக்கிறது என்றாள். சோலைமலை வந்ததைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவன் பிஸ்கால் கந்தோருக்குப் போய், புதன்கிழமை நடுப்பகல் லயத்து இஸ்தோப்பில் வைத்துச் சம்மனைச் சோலைமலையின் கையில் கொடுத்ததாகவும், வாங்கிக்கொண்டவன் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டதாகவும் எழுதிச் சத்தியம் செய்தான். சம்மன் அவன் காக்கிக் கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது. அவனுடைய கணக்கு இதுதான். சம்மனைக் காணாத சோலைமலை கோட்டுக்கு வரமாட்டான், பிடிபடுவான். சம்மன் கிடைக்கவில்லை என்று சொன்னால், அந்த நேரம் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். வடிவோடு இருந்தேன் என்று அவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறியல் சிறையில் கிடக்கட்டும். எப்படிப் போனாலும் தனக்கு ஒரு பதில் கிடைத்துவிடும் என்று நினைத்தான். எந்தப் புருசனும் தன் வீட்டு விசயத்துக்குக் கோட்டை இப்படிப் பயன்படுத்தியிருக்கமாட்டான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வழக்குத் தவணை நாளில் கோட்டு வாசலில் சோலைமலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆளில்லை. சம்மன் வாங்கியும் வரவில்லை என்று பிடியாணை போனது. பொலிஸ் அவனைக் கைவிலங்கு போட்டுப் பஜார் வழியே நடத்திக் கொண்டுவந்தது. தனக்குச் சம்மனே வரவில்லை என்று அவன் சொன்னான். சங்கம் பிடித்துக் கொடுத்த வக்கீலான புரக்டர், இதை விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். நீதவான் வேறு நாள் குறித்து, அதுவரை அவனை மறியலில் வைக்கச் சொன்னார். சம்மன் வாங்கியவன்தான் என்று முடிவானால் பிணை கிடைக்காது. ஆண்பிள்ளை இல்லாத காம்பிராவிலிருந்து அழகம்மாவைச் சாமான் சட்டியோடு வெளியே போட்டுவிடத் தோட்டத்துக்கு ஒரு நாள் போதும்.

கோட்டில் நடந்ததை நான் வீட்டில் றோசலினிடம் சொல்வது வழக்கம். அவள் மறுநாள் பீலியில் வடிவிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க வீட்டுக்காரரு அந்தப் புதன்கெழமதான் சம்மன் குடுத்தாராம் வடிவு. எங்க வேதத்துல விபூதிப் புதன். நான் புள்ளைய ஒங்கிட்ட விட்டுட்டு மாதா கோயிலுக்குப் போயிருந்தேனே, அன்னைக்கு."

வடிவு வாளி நிறைந்து வழிந்த பிறகும் தூக்காமல் நின்றாளாம்.

விசாரணை நாளில் கோட்டில் நல்ல கூட்டம். தோட்டத்திலிருந்து சங்கத்து ஆட்கள் வந்திருந்தார்கள். முதலில் வீரய்யா கூண்டில் ஏறினான். புதன்கிழமை நடுப்பகல் கையில் கொடுத்தேன் என்று கணீரென்று சொன்னான். ஏன் தோட்டத்துக் கந்தோருக்குப் போகவில்லை என்று புரக்டர் குடைந்தார். நேரமில்லை, ஆள் எனக்குத் தெரிந்தவன், அடையாளம் காட்ட ஆள் தேவைப்படவில்லை என்றான். நீதவான் தலையாட்டினார். அரசாங்கச் சேவகன் எதற்காகப் பொய் சொல்லப் போகிறான்?

அடுத்து சோலைமலை. மெலிந்திருந்தான். அந்தப் புதன்கிழமை நடுப்பகலில் எங்கே இருந்தாய் என்று புரக்டரே கேட்டார்.

"டவுனுக்கு வந்திருந்தேங்க."

"டவுனில் எங்கே? யார் பார்த்தது?"

சோலைமலை கொஞ்ச நேரம் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "சும்மா சுத்திக்கிட்டிருந்தேங்க. யாரும் பாக்கல" என்றான்.

அவனுக்காக வந்த புரக்டரே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் வீரய்யாவைப் பார்த்தேன். ஜெயித்தவனின் முகமாக இல்லை. ஒளிக்கிறான், ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று அந்த முகம் இன்னும் மோசமாக எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பின்பக்கத்துப் பெஞ்சிலிருந்து வடிவு எழுந்தாள். அவள் வந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

"நான் பாத்தேங்க சாமி" என்றாள்.

உட்காரச் சொல்லி அதட்டினார்கள். உட்காரவில்லை. புரக்டர் ஓடிப்போய் அவளிடம் குசுகுசுத்துவிட்டு வந்து, இவளைச் சாட்சியாக விசாரிக்க அனுமதி கேட்டார். நீதவான் சரியென்றார். வடிவு கூண்டில் ஏறினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தியப் பிரமாணத்தைத் திருப்பிச் சொன்னாள். முதலியார் பெயரைக் கேட்டார். சண்முகவடிவு என்றாள். அடுத்தது புருசன் பெயர்.

தோட்டத்துப் பெண்கள் கூண்டில் ஏறினால் இந்த இடத்தில் வழக்கு நின்றுவிடும். புருசன் பெயரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. பக்கத்தில் நிற்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்வாள், அல்லது கூட்டத்தில் யாரையாவது கை காட்டுவாள். முதலியாருக்கு இது பழகிப்போன விசயம். அவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீரய்யாவின் பக்கம் திரும்பினார். அவனும் தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"வீரய்யா" என்றாள் வடிவு.

பெஞ்சில் இருந்த கிழவிகள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். பேனா பிடித்திருந்த நீதவானுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். வீரய்யா திறந்த வாயை மூடவில்லை. ஐந்து வருசக் குடும்பத்தில் அவள் வாயிலிருந்து அவன் தன் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

விபூதிப் புதன்கிழமை நடுப்பகலில் சோலைமலை தன் வீட்டு வாசலுக்கு வந்தான் என்று வடிவு சொன்னாள். நாள் எப்படி ஞாபகம் என்று நீதவான் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள், அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் வந்து போனான் என்றாள். அவள் சொன்ன பிள்ளை என் பிள்ளைதான். நான் டைப் மெசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீரய்யாவை நீதவான் மறுபடி கூண்டுக்கு அழைத்தார். அவன் கோட்டுப் பைக்குள் கையை விட்டு அந்தச் சம்மனை எடுத்துக் கூண்டின் விளிம்பில் வைத்தான்.

சோலைமலையை அன்றே விட்டார்கள். பிறகு சங்கம் பேசி வழக்கையும் தோட்டம் வாபஸ் வாங்கியது. அம்மாவும் மகனும் அந்தக் காம்பிராவிலேயே இருந்தார்கள். வீரய்யாவின் மேல் பொய்ச் சத்தியத்துக்கு வழக்கு வராமல் மார்ஷல் ஐயா எப்படியோ கெஞ்சிக் காப்பாற்றினார். வேலை போய்விட்டது. காக்கிக் கோட்டையும் வில்லையையும் அன்று சாயந்தரமே ஒப்படைத்துவிட்டான். அறுபத்துநாலில் நான் மாற்றலாகிப் போகும்வரை அவன் பஜாரில் ஒரு கடையோரத்தில் உட்கார்ந்து தோட்டத்து ஜனங்களுக்குப் பெட்டிசன் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் எழுதுவான். பக்கத்தில் எழுதுகிறவனிடம் கூடுதலாக ஆள் போகிறது என்று அங்கேயும் முகம் கறுத்திருக்கும்.

வேலை போன அந்தச் சாயந்தரத்தை நான் மறக்கவில்லை. நானும் றோசலினும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட முடியவில்லை. அவன் அடித்தால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தேன். அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வீரய்யா பேசினான். வேலை போனதைப் பற்றிப் பேசவில்லை. தன் பெயரைச் சொன்னாளே, அதைப் பற்றியும் பேசவில்லை.

"அன்னைக்கு அவன் வந்தானே, எங்க உக்காந்தான்?"

"உக்காரல."

"பொய் சொல்லாத."

"கோட்டுலயே பொய் சொல்லலீங்க, இங்கயா சொல்லப் போறேன்? வாசல்லயே நின்னாரு. அண்ணன் இல்லியான்னு கேட்டாரு. வழக்குப் போட்டிருக்காங்களாம், கோட்டு விசயமெல்லாம் அண்ணனுக்குத்தான் தெரியும், என்ன செய்யலாம்னு அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்னாரு. நீங்க வேலைக்குப் போயிட்டீங்கன்னேன். சரின்னு எறங்கிப் போயிட்டாரு."

தட்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் உடைந்து வந்தது.

"இத நீ அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?" என்றாள் வடிவு. "எங்க உக்காந்தான்னுதான் கேட்டிருப்பீங்க."